ஒன்பது மீட்டர் வானம்

மண்ணும் மனையும்: மதுரை நில வரலாறு
அத்தியாயம் 17

1801இல் மதுரைச் சீமை முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். பாளையங்கள் அடங்கிவிட்டன. படையெடுத்து வர இனி யாரும் இல்லை. ஆனாலும் நாயக்கர் கட்டிய கோட்டை மதில் நகரைச் சுற்றி அப்படியே நின்றது. மதிலுக்கு வெளியே அகழி, அகழிக்குள் தேங்கிய நீர், உள்ளே நெரிசலில் திணறும் வீதிகள். ஊர் வளர வேண்டுமென்றால் மதில் போக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தவர் ஆட்சியர் பிளாக்பர்ன். 1830களிலும் 1840களிலும் மதுரையை ஆண்ட இவர் செய்த ஏற்பாடு எளிமையானது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடமே மனையாகக் கிடைக்கும். அரசின் கருவூலம் பெரிதாகக் கரையவில்லை. மக்கள் உழைப்பில் மதில் மறைந்து மனைகள் எழுந்தன.

அந்த வேலையின் பெயர்கள் இன்றும் மதுரைக்காரர்களின் வாயில் புழங்குகின்றன. பணியை மேற்பார்த்த மாரட்டின் பெயரில் மாரட் வீதி. மேஸ்திரி பெருமாளின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கோட்டைக்கு வெளிப்புறமாக ஓடியவை வெளி வீதிகள். பிளாக்பர்னின் நினைவாக ஊரார் நிறுத்தியது விளக்குத்தூண். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவலைப் படித்தவர்களுக்குக் கோட்டை இடிப்பு மறக்காது. இடிபடாமல் தப்பிய ஒரு துண்டு பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே இன்னும் நிற்கிறது.

நம் தொடருக்கு இந்த நிகழ்ச்சி முக்கியமாவது வேறொரு காரணத்தால். பெருமாள் மேஸ்திரி வீதியில் மனை பெற்றவரின் உரிமை ஒரு நிபந்தனையோடு பிறந்தது. ஊருக்காக ஒரு வேலை செய்தால் நிலம் உன்னுடையது. ஆக, அந்த வீதிகளில் தனிச்சொத்தும் ஊர்நலமும் ஒரே நாளில் கையெழுத்தானவை. ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய குறை இருந்தது. யாருக்கு எந்த இடம், எந்த அளவு, மறுத்தால் என்ன வழி என்பதெல்லாம் ஓர் அதிகாரியின் விருப்பத்தில் இருந்தது. அவரைக் கேள்வி கேட்க நகரவைகூடக் கிடையாது. மதுரை நகராட்சி அமைந்ததே 1866இல்தான். அதிகாரி நல்லவராக இருந்தால் ஊருக்கு நல்லது. இல்லாவிட்டால் ஊருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அடுத்த நூற்றைம்பது ஆண்டு மதுரையின் நில வரலாறு, இந்த அதிகாரத்தைச் சட்டத்துக்குள் கட்டிவைக்க நடந்த நெடிய முயற்சி.

வழக்கம் வகுத்த மண்டலங்கள்

எழுதிய சட்டம் வருவதற்கு முன் மதுரையில் ஒழுங்கே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என அடுக்கடுக்காக விரியும் அமைப்பே ஒரு நகரத் திட்டம். எந்த மாதத் திருவிழாவுக்குச் சாமி எந்த வீதியில் வரும் என்பது வீதியின் அகலத்தைத் தீர்மானித்தது. தேர் திரும்ப இடம் வேண்டும்; ஆகவே மாசி வீதி அகலமாக இருந்தாக வேண்டும். தொழிலும் இடமறிந்து உட்கார்ந்தது. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள், கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகள், வெங்கலக்கடைத் தெருவில் பாத்திரம். எந்த அரசாணையும் இதை வகுக்கவில்லை. கோபுரத்தை மறைத்து மாடி எழுப்ப யாருக்கும் தோன்றாத காலம் அது.

இந்த ஒழுங்கின் இன்னொரு முகத்தையும் பார்த்தாக வேண்டும். யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. கோயிலை நடுவாக வைத்து விரிந்த நகரத்தில், அந்தக் கோயிலின் வாசலைத் தாண்ட முடியாத மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கனும் தோழர்களும் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்த பிறகுதான் அந்தத் தடை உடைந்தது. வழக்கம் வகுத்த மண்டலத்துக்கு மேல்முறையீடு கிடையாது. எழுதிய சட்டத்தின் பெருமையே இதில்தான் இருக்கிறது: அதைப் படிக்கலாம், கேள்வி கேட்கலாம், நீதிமன்றத்தில் நிறுத்தலாம், மாற்றலாம். நகரத் திட்டச் சட்டங்கள் வேண்டவே வேண்டாம், பழைய ஒழுங்கு போதும் என்று பேசுவோர் இந்த 1939ஐ நினைவில் கொள்ள வேண்டும்.

கெடிஸ் வந்தார்

1915இல் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் மதராஸ் மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். அவர் அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள், எம்டன் கப்பல் மூழ்கடித்த ஒரு சரக்குக் கப்பலோடு கடலுக்குள் போய்விட்டன. வேறு படங்களைத் திரட்டிச் சென்னையில் கண்காட்சி நடத்திவிட்டு அவர் தெற்கே வந்தார். அவர் அறிக்கை எழுதிய ஊர்களில் மதுரையும் ஒன்று.

அன்றைய பொறியாளர்களுக்கு ஒரு மருந்துதான் தெரிந்திருந்தது: நெரிசலா, குறுக்கே ஒரு அகலச் சாலை போடு; வழியில் இருக்கும் வீடுகளை இடி. கெடிஸ் இதை எதிர்த்தார். தெருவை நடந்து பார், வீடு வீடாகப் பார், இடிந்து கிடப்பதை மட்டும் அகற்று, அங்கே சிறு திறந்தவெளி உண்டாக்கு, மரம் நடு, மிச்சத்தைத் தொடாதே என்றார். செலவும் குறையும், வீடிழப்பவர் எண்ணிக்கையும் குறையும் என்பது அவர் கணக்கு. தென்னகத்துக் கோயில் நகரங்களின் அமைப்பில் உலகம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது என்று நம்பியவர் அவர். அரசின் அதிகாரத்துக்கு அவர் வைத்த எல்லை சட்டப் புத்தகத்திலிருந்து வரவில்லை. தெருவில் நடந்து பார்த்ததிலிருந்து வந்தது.

1920இல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. உலகமெங்கும் அதே காலத்தில் இதே கேள்வி எழுந்துகொண்டிருந்தது. வானுயர்ந்த கட்டடங்கள் தெருவின் வெளிச்சத்தை விழுங்குவதைக் கண்ட நியூயார்க் நகரம் 1916இல் மண்டல விதிகளைக் கொண்டுவந்தது. 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓஹியோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில், குடியிருப்புப் பகுதி எது, தொழிற்பகுதி எது என்று பிரிக்க ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு என்று ஏற்றது. நிலத்தைக் கையகப்படுத்தாமலேயே அதன் பயனைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இப்படி உலகச் சட்டத்தில் வேரூன்றியது.

சொத்துரிமையும் சட்டமும்

1950இல் அரசியல் சாசனம் சொத்துரிமையை அடிப்படை உரிமையாக வைத்தது. ஜமீன் ஒழிப்பும் நிலச் சீர்திருத்தமும் அந்த உரிமையோடு மோதின. உழுபவனுக்கு நிலம் வேண்டும் என்ற நியாயம் பெரியது. அதற்காகச் சாசனம் திருத்தப்பட்டதும் சரியானது. ஆனால் அந்த நியாயத்தின் நிழலில் அரசுகள் சிறு உடைமைக்காரரின் நிலத்தையும் மலிவாக எடுக்கப் பார்த்தன. நம் மாநிலமே சாட்சி. 1961இல் மதராஸ் அரசு கொண்டுவந்த திருத்தம், வீட்டுத் திட்டங்களுக்கு எடுக்கும் நிலத்துக்கு மட்டும் இழப்பீட்டைக் குறைத்துக் கணக்கிட வழிசெய்தது. வஜ்ரவேலு முதலியார் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வீட்டுத் திட்டத்துக்கு எடுத்தால் ஒரு விலை, மருத்துவமனைக்கு எடுத்தால் வேறு விலை என்று பிரிப்பதில் சமத்துவம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

1978இன் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன் இடத்தில் 300அ பிரிவு வந்தது: சட்டத்தின் அதிகாரமின்றி எவரிடமிருந்தும் சொத்தைப் பறிக்க முடியாது. உரிமை சுருங்கியது, ஆனால் செத்துப்போகவில்லை. இனிக் கேள்வி, அந்தச் 'சட்டத்தின் அதிகாரம்' எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே.

இதற்கிடையில் தமிழகத்தில் நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 வந்திருந்தது. மதுரை மாநகராட்சியானதும் அதே 1971இல்தான். முழுமைத் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம், திட்ட அனுமதி, பூட்டி முத்திரை வைத்தல் என்று இன்று நாம் பேசும் சொற்களெல்லாம் இந்தச் சட்டத்திலிருந்து வந்தவை. இதில் அரசுக்குத் தந்த அதிகாரம் பெரிது. அந்த அதிகாரத்துக்குப் போட்ட ஒரு கடிவாளமும் உண்டு. மனை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உங்கள் மனையைப் பூங்காவுக்கென்றோ சாலைக்கென்றோ திட்டத்தில் ஒதுக்கி அறிவித்துவிட்டால், மூன்று ஆண்டுக்குள் அதை எடுப்பதற்கான நடவடிக்கை நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கொள்ளப்படும். காகிதத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு ஒரு குடும்பத்தை ஆயுள் முழுக்கக் காத்திருக்க வைக்க முடியாது. தன் அதிகாரத்துக்குத் தானே காலக்கெடு விதித்துக்கொள்வது சட்டத்தின் உயர்ந்த குணம்.

கோபுரமும் மொட்டை மாடியும்

இப்போது ஒன்பது மீட்டருக்கு வருவோம்.

மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம் ஐம்பது மீட்டரைத் தாண்டி நிற்பது. நூற்றாண்டுகளாக மதுரைக்கு வருபவர் கண்ணில் முதலில் பட்டது கோபுரந்தான். 1980களிலும் 90களிலும் விடுதிகளும் வணிக வளாகங்களும் மாடி மேல் மாடியாக எழுந்தபோது அந்தக் காட்சி துண்டு துண்டானது. 1997இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கோயிலின் வெளி மதிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் எந்தக் கட்டடமும் ஒன்பது மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒன்பது மீட்டர் என்பது ஏறத்தாழ முப்பது அடி. தரைத்தளமும் இரண்டு மாடியும். மாசி வீதிகள், மாரட் வீதிகள், வெளி வீதிகள், பழைய கோட்டைக்குள் இருந்த ஊர் ஏறக்குறைய முழுவதும் இந்த வட்டத்துக்குள் அடங்கும்.

இந்த விதியின் நோக்கத்தை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். கோபுரக் காட்சி எந்தத் தனியொருவருக்கும் சொந்தமில்லை. ஒருவர் ஐந்தாவது மாடி எழுப்பினால் அவருக்கு வருமானம். பின்னால் இருக்கும் நூறு வீட்டுக்காரர்களுக்கு இழப்பு. காற்று, வெளிச்சம், குடிநீர், கழிவுநீர்க் குழாய், தீயணைப்பு வண்டி நுழையும் வழி என்று பார்த்தாலும் ஆவணி மூல வீதியின் சந்துகள் உயரக் கட்டடங்களைத் தாங்காது. 2018 பிப்ரவரி 2 இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் பற்றிய தீ, நெரிசல் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஊருக்கே உணர்த்தியது.

ஆனால் வட்டத்துக்குள் ஒரு சிறு வீட்டின் உரிமையாளர் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாத்தா விட்டுப்போன ஒன்றரை சென்ட் மனை. மூன்று பிள்ளைகள். மேலே கட்ட முடியாது, பக்கவாட்டில் இடமில்லை. அரசு அவர் நிலத்தை எடுக்கவில்லை, ஆகவே இழப்பீடு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் ஊருக்காக அவர் ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார். இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள வழி உண்டு. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் அடுக்குமாடி எழுப்பத் தடை வந்தபோது, 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடையை ஏற்றது. கட்ட முடியாமல் போன பரப்பை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உரிமையாளருக்கு இருந்ததும் அந்தத் தீர்ப்பில் எடைபோடப்பட்டது. மும்பை 1990களில் இதே முறையைப் பாரம்பரியக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்தது. மாசி வீதியில் கட்ட முடியாத பரப்பைப் புறநகரில் கட்ட விற்கலாம் என்றொரு ஏற்பாடு வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறு மனைக்கும் எளிதாகக் கிடைத்தால், ஒன்பது மீட்டர் விதியைக் காக்க அந்த வீட்டுக்காரர்களே முன்வருவார்கள்.

நடந்ததோ வேறு. ஆணை இருந்தது, மாடிகளும் எழுந்தன. நூற்றுக்கணக்கான கட்டடங்கள் உயரத்தை மீறியதாக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்கில் பேசப்பட்டது. அறிவிப்பு அனுப்பினார்கள்; சில கட்டடங்களுக்கு முத்திரை வைத்தார்கள்; பல கட்டடங்கள் நிலைத்தன. இதற்கு வேர் எங்கே என்று தேடினால் 1971 சட்டத்தின் இன்னொரு பிரிவில் வந்து நிற்போம். எந்தக் கட்டடத்துக்கும் விதியிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. சென்னையில் அந்தப் பிரிவைப் பயன்படுத்தி அரசு வாரி வழங்கிய விலக்குகளை எதிர்த்து ஒரு நுகர்வோர் அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு, விலக்கு அளிக்கும் அதிகாரம் செல்லும் என்றது. ஆனால் சட்டத்தின் நோக்கத்துக்கு எதிராக, காரணம் சொல்லாமல் அளித்த விலக்குகள் செல்லாது என்றும் சொன்னது. அதற்குப் பின்னும் வரன்முறைத் திட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. 2007 ஜூலை 1க்கு முன் எழுந்த மீறல்களுக்காக 2012இல் ஒரு புதிய பிரிவே சேர்க்கப்பட்டது. விதியை மதித்து இரண்டு மாடியோடு நிறுத்தியவர் இரண்டு முறை தோற்கிறார்: வருமானத்தை இழக்கிறார், பக்கத்து மாடி கோபுரத்தை மறைப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நஞ்சையும் கண்மாயும்

நகரத்துக்கு வெளியே இதே கதை சமவெளியில் நடந்தது. 1895இல் பெரியாறு அணை நீர் வைகைக்குத் திரும்பியபின் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நெல் விளைந்த வயல்களில் பின்னாளில் கல் ஊன்றி மனைப்பிரிவு போட்டார்கள். அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தபோது மாநிலமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. கையில் இருந்த சேமிப்பைப் போட்டு மனை வாங்கிய ஆசிரியரும் லாரி ஓட்டுநரும் கட்டணம் கட்டித் தப்பினார்கள். வாய்க்காலை அடைத்து மனை பிரித்தவர் தன் லாபத்தோடு எப்போதோ போய்விட்டிருந்தார். விதியின் சுமை கடைசியாக வாங்கியவர் தலையில் இறங்கியது.

இங்கே இந்த அத்தியாயத்தின் மையத்துக்கு வருகிறோம். விதியை மீறியவர்கள் பட்டியலில் அரசே நிற்கிறது. 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தென் மாவட்ட மக்களின் பல ஆண்டுக் கோரிக்கையின் பலன். ஏழை வழக்காளியைச் சென்னைப் பயணத்திலிருந்து காப்பாற்றிய நல்ல காரியம். ஆனால் அந்த வளாகம் எழுந்தது உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில். மூன்று ஆண்டு கழித்து, 2007இல், ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் அரசு தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் முன்னாள் கண்மாயில் அமர்ந்திருக்கிறது. நீதிபதிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இடத்தைத் தேர்ந்த ஆட்சிமுறையின் பழக்கத்தைச் சொல்கிறேன். நிலம் வேண்டுமென்றால் கண்மாயைப் பார். அதற்கு இழப்பீடு கேட்க ஆளில்லை.

இதற்கு 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. குடிமகன் கட்ட வேண்டுமானால் திட்ட அனுமதி வாங்க வேண்டும். அரசுத் துறை கட்ட வேண்டுமானால் திட்டக் குழுமத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். குழுமம் ஆட்சேபித்தால் முடிவெடுப்பது அரசே. வழக்காடுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே என்றால் அங்கே எல்லை என்று ஒன்று கிடையாது.

எல்லை எங்கே

2024இல் உச்ச நீதிமன்றம் மூன்று முக்கியமான தீர்ப்புகளை வழங்கியது. மே மாதம், கொல்கத்தா மாநகராட்சி வழக்கில், 300அ பிரிவுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாகச் சொன்னது: முன்னறிவிப்பு, ஆட்சேபத்தைக் கேட்பது, காரணத்தோடு கூடிய முடிவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு, உரிய காலத்தில் திறம்பட நடத்துவது, நடவடிக்கையை முறைப்படி முடிப்பது. நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியார் சொத்து அனைத்தையும் சமூகத்தின் வளமாகக் கருதி அரசு எடுத்துவிட முடியாது என்றது. நவம்பர் 13 அன்று, பதினைந்து நாள் அறிவிப்பின்றி எந்த வீட்டையும் இடிக்கக் கூடாது என்றது. சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றும் தெளிவாக்கியது.

இவற்றை மதுரையின் அனுபவத்தோடு சேர்த்து வைத்தால் ஒரு தராசு கிடைக்கிறது. ஊர்நலனுக்காகத் தனிச்சொத்தின் பயனைச் சுருக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. கோபுரமும் கண்மாயும் வயலும் அப்படித்தான் பிழைக்கும். அந்த அதிகாரம் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும், காலக்கெடு கொண்டதாக இருக்க வேண்டும், காரணம் சொல்வதாக இருக்க வேண்டும், சுமையைப் பகிர்வதாக இருக்க வேண்டும். இவை நான்கும் இருந்தாலும் ஐந்தாவது இல்லாவிட்டால் பயனில்லை: வீட்டுக்காரருக்குப் போடும் விதி அரசுக் கட்டடத்துக்கும் அதே அளவில் பொருந்த வேண்டும். அரசுத் துறையும் அதே விண்ணப்பத்தை அதே மேசையில் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஆட்சேபம் எழுந்தால் அரசைச் சாராத ஓர் அமைப்பு தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தத் திருத்தத்தை மதுரை மக்கள் கேட்க வேண்டும். மதிலை இடித்து ஊருக்கு வீதிகளைத் தந்தவர்களின் வாரிசுகளுக்கு அதைக் கேட்கும் உரிமை நிச்சயம் உண்டு.

அடுத்த இதழில்: மதுரைக்கு வடக்கே, அரிட்டாபட்டி. டங்ஸ்டன் சுரங்கத்துக்காக 2024 நவம்பரில் ஏலம் போன மலையடிவாரக் கிராமங்கள், 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்து செய்ய வைத்த வரலாறு.

(தொடரும்)